சமையலறையை ஒட்டிய அறை

நியூயார்க் நகரத்து வீட்டு விற்பனை விளம்பரங்களில் 'ப்ரீவார்' என்றொரு சொல் வரும். போருக்கு முந்தைய என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய அடுக்குமாடி என்று சொன்னாலே விலை ஏறிவிடுகிறது. உயரமான கூரை, பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்காத கனத்த சுவர், மீன்முள் போலக் கோத்த மரத்தரை, நுழைந்ததும் ஒரு முன்கூடம். எந்தப் போர் என்று யாரும் கேட்பதில்லை. போருக்கு முந்தைய வீடு என்று யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியிடம் சொன்னால் அவளுக்கு நினைவுவரும் வீட்டுக்கு இன்று கூரை இருக்காது. ஒரு சொல் எந்த ஊரில் நிற்கிறது என்பதைப் பொறுத்து அதற்கு விலையும் கூடுகிறது, பொருளும் மாறுகிறது.

இன்னொரு சொல் கூட்டுறவு. நமக்கு அது ரேஷன் கடை, பால் சங்கம், நெசவாளர் சங்கம், நகைக்கடன் தள்ளுபடி. நியூயார்க்கில் 'கோ-ஆப்' என்றால் வேறு. அங்கே வீட்டை வாங்குவதில்லை. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்தின் சொத்து. அந்த நிறுவனத்தின் பங்குகளை வாங்குகிறோம். பங்குக்கு ஈடாக ஒரு வீட்டில் குடியிருக்கும் குத்தகை உரிமை கிடைக்கிறது. மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். வாங்க வருகிறவரின் வருமானம், வங்கிக் கணக்கு, கடன், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாவற்றையும் குடியிருப்போர் குழு படித்துப் பார்க்கும். நேரில் அழைத்துப் பேசும். பிறகு வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. இனம், மதம், பால் போன்ற காரணங்களுக்காக மறுக்கச் சட்டம் அனுமதிக்காது. ஆனால் காரணத்தையே சொல்லாத ஒரு மறுப்பில் எந்தக் காரணம் இருந்தது என்று எப்படி நிறுவுவது? 1985இல் பாடகி மடோனாவுக்கே சென்ட்ரல் பார்க் மேற்கிலுள்ள சான் ரீமோ கட்டடத்தில் இடம் மறுக்கப்பட்டது. மடோனாவுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் பணமிருந்தும் தனியாக வீடு வாங்கப் போகும் பெண்ணை ஒரு குழு எப்படிப் பார்க்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம். அமெரிக்காவின் நியாய வீட்டுவசதிச் சட்டம் 1968இல் வந்தது. அதில் 'பால்' என்ற சொல் சேர 1974 ஆயிற்று. கணவர் கையெழுத்தில்லாமல் பெண்ணுக்குக் கடன் மறுக்கக்கூடாது என்ற சட்டமும் அதே 1974இல்தான். அதாவது இந்தக் கட்டடங்கள் எழும்பி ஐம்பது ஆண்டுகள் கழித்து.

ஒரு கல்விப் பருவம் அந்த நகரில் தங்க நேர்ந்தபோது, குயின்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில், 1920களில் கட்டப்பட்ட ஒரு கூட்டுறவு அடுக்குமாடியில் இருந்தேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து எழுபதுகளில் செவிலியராகப் போய், ஓய்வு பெற்றுத் தனியாக வாழும் ஓர் அம்மாவின் வீடு. உள்வாடகைக்குக் குழுவின் அனுமதி வேண்டுமென்பதால் நான் விருந்தாளி. அஞ்சல் பெட்டியில் என் பெயர் கிடையாது. சமையலறையை ஒட்டி ஒரு சிறிய அறையை எனக்குத் தந்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, அவ்வளவுதான் கொள்ளும். ஒற்றைச் சன்னல், எதிரே செங்கல் சுவர். அறைக்குள்ளேயே ஒடுங்கிய கழிவறை. "அது மெய்டு ரூம் டீச்சர். இப்ப ஸ்டடின்னு சொல்லிக்கிறோம்" என்றார். சிரிக்கவில்லை, வருந்தவும் இல்லை. ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த அறையைத்தான் நான் வாசிக்க விரும்புகிறேன். போருக்கு முந்தைய கட்டடங்களின் வரைபடங்களில் 'கிளாசிக் சிக்ஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. கூடம், சாப்பாட்டு அறை, இரண்டு படுக்கையறைகள், சமையலறை, ஆறாவதாகப் பணிப்பெண் அறை. படுக்கையறை இன்னொன்று கூடினால் 'கிளாசிக் செவன்'. ஆறு என்ற எண்ணிக்கையில் அவளுடைய அறையும் சேர்த்தி, அவள் சேர்த்தியில்லை. வசதியான கட்டடங்களில் சமையலறைக்குத் தனியாக ஒரு பின்கதவு இருக்கும். அது வேலையாட்கள் லிஃப்டுக்கோ பின்படிக்கோ திறக்கும். குப்பை, மளிகை, சலவைத் துணி, அவள் எல்லாம் அவ்வழியே வந்துபோகும். வரைபடத்தின் முன்பாதியில் நடக்கும் ஒரு விருந்தாளி, பின்பாதியைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டுப் போய்விட முடியும். அப்படித்தான் திட்டமிட்டிருக்கிறார்கள்.

இன்று அந்த அறைகளில் பெரும்பாலும் எழுதுமேசை போட்டிருக்கிறார்கள். விளம்பரங்களிலும் 'வீட்டு அலுவலகத்துக்கு ஏற்றது' என்று வருகிறது. எழுதும் பெண்ணுக்கு அந்த வீட்டில் ஓர் அறை கிடைக்கிறதென்றால் பல நேரம் அது இதுதான்.

வர்ஜீனியா வுல்ஃபின் 'தனக்கென்று ஓர் அறை' நூலை முதுகலை மாணவிகளுக்குப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். பூட்டிக்கொள்ளும் அறை, ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு, அப்போதுதான் பெண் எழுத முடியும் என்ற வாதம். நூல் 1929இல் வந்தது. நான் தங்கிய கட்டடத்துக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. வுல்ஃபின் வீட்டில் நெல்லி பாக்ஸால் என்ற சமையல்காரப் பெண் 1916 முதல் 1934 வரை இருந்தார். இருவருக்குமிடையே ஓயாத சச்சரவு. வுல்ஃபின் நாட்குறிப்புகளில் அது நிறைந்து கிடக்கிறது. அந்த நூல் வெளியான 1929ஆம் ஆண்டின் இறுதியிலேயே, ஒரு சண்டையின்போது நெல்லி தன் அறையைவிட்டு வெளியே போகும்படி வுல்ஃபிடம் சொல்லிவிட்டார். எழுத்தாளருக்கு அது தாங்கவில்லை. அலிசன் லைட் 2007இல் எழுதிய 'மிசஸ் வுல்ஃபும் பணியாளர்களும்' நூலில் இந்த உறவை விரிவாகப் பின்தொடர்கிறார். என் மாணவிகளில் பலருக்கு வுல்ஃபைவிட நெல்லியைப் பிடித்துப்போகிறது. தனக்கென்று ஓர் அறை என்பதை வாய்விட்டுக் கேட்டு வாங்கியவள் நெல்லிதானே என்று ஒருத்தி விடைத்தாளில் எழுதியிருந்தாள். அதற்கு முழு மதிப்பெண் போட்டேன்.

இதைச் சொல்வதால் வுல்ஃபின் வாதம் விழுந்துவிடாது. பெண்ணுக்கு அறை வேண்டும். கேள்வி, அந்த அறை வீட்டின் எந்தப் பகுதியிலிருந்து பிய்த்துத் தரப்படுகிறது என்பது. வீட்டுக்குள் ஆணின் வெளி, பெண்ணின் வெளி என்று இரண்டாகப் பிரித்து வாசிக்கும் பழக்கம் பெண்ணியத் திறனாய்வுக்கு உண்டு. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' அப்படியொரு வாசிப்பை நமக்குக் கற்றுக்கொடுத்த கதை. பெரிய வீட்டின் கோடியில் தள்ளப்பட்ட சமையலறையும், அதற்குள்ளேயே தங்கள் அதிகாரத்தைத் தேடிக்கொள்ளும் பெண்களும் நம் விமர்சன மொழியின் பகுதியாகிவிட்டார்கள். நியூயார்க் வரைபடமோ இன்னொரு கோட்டைக் காட்டுகிறது. சமையலறையும் அதையொட்டிய அறையும் ஒரு பெண்ணின் உழைப்புக்கு. கூடமும் படுக்கையறையும் இன்னொரு பெண்ணின் வாழ்வுக்கு. நடுவிலிருக்கும் கதவு இரண்டு பெண்களைப் பிரிக்கிறது.

அந்தக் கதவின் மறுபக்கத்திலிருந்து பேசிய புத்தகம் ஒன்று இருக்கிறது. ஆலிஸ் சில்ட்ரெஸின் 'குடும்பத்தில் ஒருத்தி மாதிரி', 1956. சில்ட்ரெஸ் கறுப்பினப் பெண், தெற்கே சார்ல்ஸ்டனில் பிறந்து ஹார்லெமில் பாட்டியிடம் வளர்ந்தவர், நாடகாசிரியர், நடிகை, பிழைப்புக்காக வீட்டுவேலையும் செய்தவர். பால் ராப்சன் தொடங்கிய 'ஃப்ரீடம்' இதழில் தொடராக எழுதியவை பிறகு நூலாயின. மில்ட்ரெட் என்ற வீட்டுவேலைப் பெண், தன் தோழி மார்ஜிடம் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்கிறாள். மார்ஜும் அதே வேலை செய்பவள். அவள் பேச்சு ஒரு வரிகூட நூலில் இல்லை. அவள் இடையிட்டாள், சிரித்தாள் என்பதை மில்ட்ரெடின் பதிலிலிருந்து நாமே ஊகிக்க வேண்டும். சின்னச் சின்ன உரையாடல்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம். 1986இல் ட்ருடியர் ஹாரிஸின் முன்னுரையோடு மறுபதிப்பு வரும்வரை இந்நூலை விமர்சகர்கள் அதிகம் கண்டுகொள்ளவில்லை. நாடகத்துக்கு நாடகமல்ல, நாவலுக்கு நாவலல்ல, அதனால் வகுப்பறையில் வைக்க இடமில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். மில்ட்ரெட் யாரைக் கேள்வி கேட்கிறாள் என்பது இன்னொரு காரணம்.

தலைப்புக்குரிய உரையாடலில், முதலாளியம்மா தன் விருந்தாளியிடம் மில்ட்ரெடைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறாள்: அவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மாதிரி. விருந்தாளி போனபிறகு மில்ட்ரெட் அந்தம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறாள். அந்தப் பதிலை நான் ஒரு வரைபடமாகவே வாசிக்கிறேன். குடும்பம் சாப்பாட்டு அறையில் உண்கிறது, அவள் சமையலறையில். மகன் நண்பர்களைக் கூட்டிவந்து கூடத்தில் கொண்டாடுகிறான். மகள் சோபாவில் பகல்தூக்கம் போடுகிறாள். நாய்க்குட்டிக்குப் பட்டுவிரிப்பு போட்ட கட்டில். இப்படி ஒவ்வோர் அறையாக எடுத்து, அதில் யார் உடம்பு சாயலாம், யார் உடம்பு சாயக்கூடாது என்று கணக்குச் சொல்லிக்கொண்டே போகிறாள். கட்டடக்கலைஞர் மையில் வரைந்ததை மில்ட்ரெட் வாயால் திரும்ப வரைகிறாள். அன்பு என்ற சொல்லைச் சதுர அடியில் அளந்து காட்டிய விமர்சகர்கள் நம்மிடையே அதிகமில்லை.

'கைப்பை விளையாட்டு' என்று இன்னொன்று. வாரத்தில் ஒருநாள் மில்ட்ரெட் வேலைக்குப் போகும் வீட்டம்மா, வீட்டுக்குள்ளேயே அறை அறையாகக் கைப்பையைத் தூக்கிக்கொண்டே நடக்கிறாள். பல மாதம் பொறுத்துப் பார்க்கிறாள் மில்ட்ரெட். ஒருநாள் கட்டடக் கண்காணிப்பாளரிடம் ஓடிப்போய் ஒரு செய்தி சொல்லிவரச் சொல்கிறாள் வீட்டம்மா. மில்ட்ரெட் வெளியே போய்விட்டுப் பதறியடித்து உடனே திரும்பி ஓடிவருகிறாள். என்னாயிற்று என்றால், என் கைப்பையை மறந்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். வீட்டம்மாவுக்கு முகம் வெளுத்துவிடுகிறது. உன்மேல் சந்தேகமென்று நினைத்துவிடாதே என்கிறாள். மில்ட்ரெடின் பதில், நீங்கள் தரும் சம்பளத்தை நான் ஒருவருக்குத் தந்தால் நானும் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் திரிவேன் என்ற பொருளில் அமைகிறது. திருட்டு எந்தப் பக்கம் நடக்கிறது என்பதை ஒரு நகைச்சுவைத் துணுக்கின் நீளத்தில் சொல்லிவிடுகிறார் சில்ட்ரெஸ்.

நகைச்சுவை இந்த நூலின் பலம். அதுவே எனக்கு ஒரு தயக்கமும் தருகிறது. மில்ட்ரெட் எப்போதும் சரியான பதிலைச் சரியான நேரத்தில் சொல்லிவிடுகிறாள், வேலை போவதில்லை. வாழ்க்கையில் அப்படி நடந்ததா? 1935 நவம்பரில் எல்லா பேக்கரும் மார்வல் குக்கும் 'தி கிரைசிஸ்' இதழில் எழுதிய 'பிராங்க்ஸ் அடிமைச் சந்தை' கட்டுரையை இதோடு வைத்துப் படிக்க வேண்டும். இருவரும் வேலை தேடுபவர்களாகவே போய் நின்று எழுதியது. காலையில் கறுப்பினப் பெண்கள் காகிதப் பைகளில் வேலைத்துணியோடு தெருமுனையில் நிற்கிறார்கள். வீட்டம்மாக்கள் வந்து பேரம் பேசி, மணிக்குச் சில சென்ட்டுகளுக்குக் கூட்டிப்போகிறார்கள். அந்த வீட்டம்மாக்களில் பலரும் பெரிய பணக்காரர்கள் அல்லர். முன்பு வேலைக்கு ஆள் வைக்க வழியில்லாதவர்கள். மந்தநிலைக் காலத்தில் மணிக்கணக்கில் கூலிக்கு ஆள் கிடைத்ததால் வைக்க முடிந்தவர்கள். அதே 1935இல் வந்த தொழிலாளர் உறவுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 1938இல் வந்த கூலிச் சட்டமும் வீட்டுவேலைப் பெண்களை வெளியே நிறுத்தின. இந்தச் சூழலில் தெருமுனையில் நின்றவள் மில்ட்ரெட் போலப் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆகவே சில்ட்ரெஸின் நூலை நடந்ததன் பதிவாகப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சொல்லாமல் விழுங்கியதையெல்லாம் மாலையில் தோழி வீட்டில் உட்கார்ந்து, சொன்னதாகச் சொல்லிப் பார்க்கும் பேச்சு அது. நம் ஊரில் தண்ணீர்க் குழாயடியில் நின்று, "நான் விட்டேனா? நல்லா கேட்டுட்டேன்" என்று சொல்லும் பெண் உண்மையில் கேட்டாளா என்று எந்தத் தோழியும் விசாரிப்பதில்லை. மார்ஜும் விசாரிப்பதில்லை.

கூட்டுறவு என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறும் அங்கே இருந்தது. பாஸ்டன் அருகே கேம்பிரிட்ஜில் மெலுசினா ஃபே பியர்ஸ் என்ற பெண் 1868-69இல் 'கூட்டுறவு இல்லறம்' பற்றி எழுதினார். பெண்கள் சேர்ந்து பொதுவாகச் சமைத்து, துவைத்து, தைத்து, அதற்கு விலை போட்டுத் தங்கள் கணவர்களிடமே காசு வாங்க வேண்டும் என்பது திட்டம். கணவர்கள் ஒத்துழைக்கவில்லை, முயற்சி விரைவில் நின்றுபோயிற்று. 1898இல் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 'பெண்களும் பொருளாதாரமும்' நூலில் சமையலறையே இல்லாத அடுக்குமாடிகளைக் கற்பனை செய்தார். டொலோரஸ் ஹேடன் 1981இல் எழுதிய 'மாபெரும் இல்லறப் புரட்சி' இந்த மறந்துபோன மரபை மீட்டெடுத்தது. வீட்டு வரைபடத்தைப் பெண்ணியப் பிரதியாகப் படிக்க எனக்குச் சொல்லித்தந்த நூல் அது. ஆனால் கில்மனின் பொதுச் சமையலறையில் யார் பாத்திரம் தேய்ப்பார்கள் என்று கேட்டால், சம்பளத்துக்கு வரும் வேறு பெண்கள் என்பதே பதில். ஹேடன் இந்தக் குறையை மறைக்கவில்லை. ஆயினும் அவருடைய நூலின் பரிவு கனவு கண்டவர்கள் பக்கமே அதிகம் சாய்கிறது.

தொழிலாளர்கள் கட்டிய கூட்டுறவுகளும் உண்டு. புரூக்ளினின் சன்செட் பார்க்கில் ஃபின்லாந்துக் குடியேறிகள் 1916இல் கட்டியதன் பெயர் 'அல்கு', தொடக்கம் என்று பொருள். பிராங்க்ஸில் 1927இல் ஆடைத் தொழிலாளர் சங்கம் ஒன்றையும், இடதுசாரி யூதத் தொழிலாளர்கள் இன்னொன்றையும் கட்டினார்கள். 'தி கூப்ஸ்' என்று அழைக்கப்பட்ட இரண்டாவதில் நூலகம் இருந்தது. கறுப்பினக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வாடகையை ஏற்ற மாட்டோம் என்று கொள்கையாக நின்றதில் 1943இல் கட்டடம் கைவிட்டுப் போயிற்று. பணிப்பெண் அறைக்கு இவர்களுடைய திட்டத்தில் தேவையே வரவில்லை; குடியிருந்தவர்களே வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் வீட்டு விற்பனைத் தரகர்கள் 'ப்ரீவார் கோ-ஆப்' என்று ஏக்கத்தோடு சொல்லும்போது இவை அவர்கள் மனதில் இல்லை.

ஜாக்சன் ஹைட்ஸுக்கு வருவோம். குயின்ஸ்பரோ என்ற நிறுவனம் வயல்வெளியை வாங்கி, நடுவில் தோட்டம் வைத்த அடுக்குமாடிகளைக் கட்டி, 1919 முதல் கூட்டுறவு முறையில் விற்றது. தோட்டம் கட்டடத்துக்கு உள்பக்கம். தெருவில் போகிறவர் கண்ணில் படாது. யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அங்கே இடமில்லை. லிண்டன் கோர்ட், ஷாத்தோ, டவர்ஸ் ஆகியவற்றை வடிவமைத்தவர் ஆண்ட்ரூ தாமஸ். அவரே 1920களின் இறுதியில் ராக்ஃபெல்லரின் பணத்தில் ஹார்லெமில் கறுப்பினத்தவருக்கென டன்பார் அடுக்குமாடிகளையும் கட்டினார். அதுவும் கூட்டுறவு, அதுவும் நடுத்தோட்டம். டு பாய்ஸ், ராப்சன் எல்லாம் அங்கே குடியிருந்தார்கள். மந்தநிலையில் தவணை கட்ட முடியாமல் 1936இல் அந்தக் கூட்டுறவு முடிந்தது. ஒரே கட்டடக்கலைஞர், ஒரே யோசனை. ஒன்று இன்றும் பங்கு விற்கிறது, மற்றது பத்தாண்டுகூடத் தாங்கவில்லை.

1965இல் குடியேற்றச் சட்டம் மாறியபின் நம்மவர்கள் அங்கே வந்தார்கள். 74ஆம் தெருவில் புடவைக் கடை, நகைக் கடை, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது. முன்பு யாரை உள்ளேவிட மாட்டோம் என்றார்களோ அந்தக் கட்டடங்களின் குழுக்களில் இப்போது இந்தியர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மதியம் சலவைத் துணி மூட்டையோடு நான் லிஃப்டில் ஏறியபோது, உடன் ஏறிய இந்தியப் பெண்மணி எந்த வீட்டுக்கு வேலைக்கு வருகிறாய் என்று இந்தியில் கேட்டார். என் நிறத்தையும் பருத்திப் புடவையையும் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். கல்லூரிப் பேராசிரியர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மிகவும் வருந்தி மன்னிப்புக் கேட்டார். வேலைக்கு வருபவள் என்று ஒருத்தியை நினைப்பது மன்னிப்புக் கேட்க வேண்டிய அவமதிப்பு என்பதில், வேறெதிலும் ஒத்துப்போக வாய்ப்பில்லாத நாங்கள் இருவரும் அந்த நான்கு மாடி நேரத்தில் ஒத்துப்போனோம்.

அதே குயின்ஸில்தான் தெற்காசிய வீட்டுவேலைப் பெண்கள் 'ஆந்தோலன்' என்ற அமைப்பாகத் திரண்டார்கள். அவர்களும் பிறரும் பல ஆண்டுகள் போராடியதில் 2010இல் நியூயார்க் மாநிலம் வீட்டுவேலைத் தொழிலாளர் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2013இல் இந்தியத் துணைத் தூதரக அதிகாரியான ஒரு பெண், வீட்டுவேலைப் பெண்ணின் விசாவிலும் சம்பளத்திலும் பொய் சொன்னதான குற்றச்சாட்டில் அங்கே கைதானபோது, நம் தொலைக்காட்சிகள் தேசத்தின் மானம் பற்றி இரவு முழுதும் பேசின. கைதான விதம் கண்டிக்கத்தக்கதே. வேலைக்காரப் பெண்ணின் மணிக்கூலி எவ்வளவு என்ற கேள்வி எத்தனை நிமிடம் பேசப்பட்டது?

பங்கு, உறுப்பினர், குழு என்ற இந்த ஏற்பாடு நமக்கு அந்நியமும் இல்லை. அகமதாபாத்தின் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வைத்த விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கம் வைக்கும் உரிமை என்ற பெயரில் யாரைச் சேர்க்காமலிருக்கலாம் என்பதே கூட்டுறவின் சாரமாகிவிடுகிறது. சிறுபான்மைச் சமூகத்தின் பாதுகாப்பு என்ற வாதத்தின் எடை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழலில் சைவ உணவுக்காரர் மட்டும், குடும்பஸ்தர் மட்டும் என்ற வாய்மொழி விதிகள் எவ்வளவு வசதியாக ஒதுங்கிக்கொள்கின்றன என்பதை, சென்னையில் தனியாக வீடு தேடிய எந்தப் பெண்ணும் சொல்வாள்.

சில்ட்ரெஸின் தலைப்பு உரையாடலை இந்த ஆண்டு மொழிபெயர்ப்புத் தாளுக்காக மாணவிகளிடம் கொடுத்தேன். மில்ட்ரெட் முதலாளியம்மாவை என்னவென்று விளிப்பாள் என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. 'மேடம்' என்றால் அலுவலகம் ஆகிவிடுகிறது. 'அம்மா' என்றால், உறவைக் கேலி செய்யும் உரையாடலில் உறவுச்சொல்லே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதுதான் சரி, அப்படித்தானே கூப்பிடுகிறோம் என்றாள் ஒருத்தி. அவளுடைய அம்மா அண்ணாநகரில் நான்கு வீடுகளில் வேலை பார்க்கிறார். 'குடும்பத்தில் ஒருத்தி மாதிரி' என்ற என் தலைப்பு மொழிபெயர்ப்பையும் அவள் ஏற்கவில்லை. "யாருங்க மேம் அப்படிப் பேசுவாங்க? 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி'ன்னுதான் சொல்வாங்க" என்றாள். கரும்பலகையில் அழித்துவிட்டு அதை எழுதினேன். கண்காணிப்பாளருக்கு 'வாட்ச்மேன்' என்று போடலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை.